இரண்டாவது பொட்டலம்

போன வாரம் அப்புசாமியைக் கரட்டுத் தோட்டத்து வாசலில், ஒரு செருப்பைக் கழற்றியும் மறு செருப்பைக் கழற்றாமலும் நிறுத்திவிட்டுப் போனோம். பாவம், ஏழு நாளாக அப்படியே நிற்கிறார். உள்ளே கூட்டி வருவோம்.

புதிதாகக் கதைக்குள் வருகிறவர்களுக்கு நாலு வரி. கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, கேரளத்துக்கு வரி கட்டிக்கொண்டு கோயமுத்தூர்ப் பேச்சுப் பேசுகிற சீமையில் கந்தப்பனுக்கும் நாச்சம்மாளுக்கும் கரட்டுத் தோட்டம். அங்கே கூட்டுக் கிணற்றில் கால் பங்கு. வசந்தாமணி என்று ஒரே மகள். பக்கத்துச் சித்தூரில் பிரி-டிகிரி முடித்திருக்கிறாள், கணக்கில் தொண்ணூற்றேழு. கோயமுத்தூர்க் கல்லூரி ஒன்றில் கம்ப்யூட்டர் என்கிற யந்திரத்தைப் பற்றி மூன்று வருஷப் படிப்பு புதிதாகத் தொடங்கியிருக்கிறார்கள். சேர்ந்தால் அதில்தான் சேருவேன் என்கிறாள். விண்ணப்பம் வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். இன்றைக்குப் புதன். அப்பன் கையெழுத்து இன்னும் விழவில்லை.

அப்புசாமி நாச்சம்மாளின் அண்ணன். கோயமுத்தூரில் ஒரு பஞ்சாலை ஆபீஸில் இருபது வருஷமாக எழுத்தர். இழவுக்கும் கல்யாணத்துக்கும் தவிர லீவு எடுக்காத மனிதர். அவர் ஒரு புதன்கிழமை காலையில் வந்து நிற்கிறார் என்றால் நாச்சம்மாள் என்னவென்று நினைப்பாள்?

"வாங்க மச்சான். என்ன திடுதிப்புன்னு?" கந்தப்பன் கயிற்றுக் கட்டிலைத் துண்டால் தட்டிப் போட்டார்.

"காரியமாத்தான் மாப்ள. அம்மணி படிப்பு விசயம்."

நாச்சம்மாள் காப்பி கொண்டுவந்து வைத்தாள். அப்புசாமி அதை ஆற்றுகிற சாக்கில் பேச்சையும் ஆற்றிக்கொண்டிருந்தார். கடைசியில் மருமகளைப் பார்த்தே கேட்டார்.

"ஏங்கண்ணு, நீ சொல்ற அதே மெஷினு எங்க மில்லுக்கும் வரப்போகுது தெரியுமா?"

வசந்தாமணியின் கண் விரிந்தது. "நெசமாவா மாமா?"

"நெசந்தான். அதுக்கு மூணு வருசம் எதுக்குப் படிக்கோணும்? பஞ்ச் ஆபரேட்டர்னு ஆறு மாசப் பயிற்சி இருக்குது. அட்டையில ஓட்டை போடற வேலை. டைப் அடிக்கற மாதரதான். முடிச்ச கையோட மில்லுல வேலை. ரெண்டு எடம் இருக்குதுன்னு மேனேஜரே சொன்னாரு."

"அது வேற, இது வேறங்க மாமா."

"என்ன வேற? மெஷினு ஒண்ணுதான?"

வசந்தாமணி கிணற்றுப் பக்கம் கையைக் காட்டினாள். "நம்ம கெணத்துல மோட்டார் போடறது ஆருங்க மாமா?"

"அன்னைக்கு முறை ஆருதோ அவன் போடுவான்."

"அந்த முறையப் போட்டது ஆரு?"

முறையைப் போட்டது யாரென்று அந்த வட்டாரத்துக்கே தெரியும்.

கரட்டுத் தோட்டத்துக் கிணற்றில் நாலு குடும்பத்துக்குப் பங்கு. நாளுக்கு ஒருவர் தண்ணீர் பாய்ச்சிக்கொள்ள வேண்டும். மாடு பூட்டி இறைத்த காலத்தில் வம்பில்லை. மாடு களைத்துப் படுத்தால் அது அவனவன் பாடு. மோட்டார் வந்தது, கூடவே கரண்ட் போவதும் வந்தது. என் முறையில் கரண்ட் போனால் அந்த நேரத்தை யார் தருவது? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் போன மாசியில் இரண்டு பங்காளிகள் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். தண்ணீருக்கு முன்னால் ரத்தம் பாயும் போலிருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் வசந்தாமணி பழைய காலண்டர் அட்டையைத் திருப்பிப்போட்டுக் கட்டம் கட்டமாக எழுதி, கட்டத்துக்குக் கட்டம் அம்புக்குறி போட்டாள். கரண்ட் இருக்கிறதா? இருந்தால் இந்தப் பக்கம் போ, இல்லாவிட்டால் அந்தப் பக்கம். போய் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்றா? ஆமாம் என்றால் விட்டுப்போன நேரம் அடுத்த சுற்றில் உனக்கு. இல்லை என்றால் பொறுத்துக்கொள். மோட்டார் ரூம் கதவில் அதை ஆணியடித்து மாட்டினாள். எழுத்துக் கூட்டத் தெரியாத பங்காளிகூட அம்புக்குறிமேல் விரலை ஓட்டித் தன் பங்கைத் தெரிந்துகொண்டு போகிறான். அதற்குப் பிறகு மண்வெட்டி மண்ணை மட்டும்தான் வெட்டுகிறது.

"காலேஜ்ல எங்களைக் கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போனாங்க மாமா, அந்த மெஷினைக் காட்டறதுக்கு. செருப்பக் கழட்டிப்போட்டு உள்ள போனா மார்கழி மாசமாட்டம் குளுருது. அங்க கரும்பலகையில கட்டமும் அம்புக்குறியும் போட்டிருந்துது. நம்ம மோட்டார் ரூம் அட்டை இங்க எப்படி வந்துதுன்னு எனக்கு ஒரே ஆச்சரியம். மெஷினு இன்னின்னது செய்யோணும்னு அப்படி எழுதிக் குடுக்கறதுக்குத்தான் மூணு வருசப் படிப்பு. ஓட்டை போடறது மோட்டார் சுவிச்சைப் போடற மாதர."

அப்புசாமி கெட்ட மனிதர் அல்ல. அவர் கவலை அவருக்கு.

"அதெல்லாஞ் சரி கண்ணு. மூணு வருசம் கழிச்சு வெளிய வந்தா வேலை எங்க இருக்குது? பேங்குல சங்கத்துக்காரங்க மெஷினே வேண்டாம்னு கொடி புடிக்கறாங்க. நாளைக்கு கெவுருமெண்டே நிறுத்திப்போட்டா? அந்தப் படிப்புப் படிச்சு முடிச்சவங்க ஒருத்தரையாச்சும் நீ பாத்திருக்கறயா?"

வசந்தாமணி இல்லையென்று தலையசைத்தாள். பொய் சொல்ல வராது அவளுக்கு.

"அதத்தான் நானுஞ் சொல்றேன். மாப்ள, இருக்கறத உட்டுப்போட்டுப் பறக்கறதப் புடிக்கப் போறீங்களா?"

எல்லார் கண்ணும் கந்தப்பனிடம் போயிற்று. ஒரு வார்த்தை பேச ஒரு வெற்றிலையை மென்று தீர்க்கிற ஆள் அவர். மகள் முகத்தைப் பார்த்தார். மச்சான் முகத்தைப் பார்த்தார். தாய்மாமன் மனம் சுளித்தால் அந்த வீட்டில் ஒரு விளக்குக்கூட ஏற்றத் துணிய மாட்டார்கள். மகள் மனம் சுளித்தாலோ, அதையும் அவரால் தாங்க முடியாது. இரண்டு பக்கமும் இடி வாங்குகிற மத்தளம் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

வழி சொன்னது அப்புசாமிதான். "நம்ம ரெண்டு பேருக்கும் எதுக்குங்க மாப்ள வழக்கு? பட்டத்தரசியாத்தாளைக் கேட்டரலாம். பூவுல என்ன வருதோ அதும்படி செஞ்சுக்கலாம். பொன் கெடச்சாலும் புதன் கெடைக்காதும்பாங்க. இன்னைக்கே கேட்டரலாம்."

பூக்கேட்பது அந்தச் சீமையில் சின்ன விஷயம் இல்லை. கிணறு வெட்டவும் பெண் எடுக்கவும் பூக்கேட்டுத்தான் செய்வார்கள். வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம் கட்டி அம்மன் பாதத்தில் வைப்பார்கள். பூசை செய்கிற பண்டாரம் கும்பிட்டு ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் வேண்டாம். மேல்முறையீடு கிடையாது.

கந்தப்பன் மகளைப் பார்த்தார். "என்ன கண்ணு சொல்ற?"

"கேளுங்கப்பா" என்றாள் வசந்தாமணி. "ஆனாக் கேள்வி ஒண்ணே ஒண்ணா இருக்கோணும். ஆமா இல்லைன்னு பதில் வர்றாப்பல இருக்கோணும். 'வசந்தாமணியைக் கோயமுத்தூர் மூணு வருசப் படிப்புல சேத்தலாமா?' அவ்வளவுதான். அப்பறம் ஆரும் கேள்விய மாத்தப்படாது."

"மாத்த மாட்டேன். ஒரு தடவதான் கேக்கறது. ஆத்தா சொன்னாச் சொன்னதுதான்" என்றார் அப்புசாமி.

பூப்பறித்துப் பொட்டலம் கட்டுகிற வேலை நாச்சம்மாள் தலையில் விழுந்தது.

தலைக்குத் தண்ணீர் வார்த்துக்கொண்டு வந்தவளை அடுக்களையில் மகள் மடக்கினாள். வெளியே அத்தனை வாய் பேசியவள் இப்போது அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, செவப்பு வந்துட்டா?"

"வராது சாமி."

"வந்துட்டா ஆறு மாசப் படிப்புக்கே போயிர்றேன். சொன்ன சொல்ல மாத்த மாட்டேன். மெஷினு பாக்கப் போன அன்னைக்கு அங்க ஓட்டை போடற புள்ளைகிட்டக் கேட்டேன்மா, இந்த அட்டையில என்ன இருக்குதுன்னு. தெரியாதுன்னு சொல்லீட்டா. தெனமும் நூத்துக்கணக்கா அடிக்கறாளாம். உள்ள என்ன இருக்குதுன்னு அவளுக்குத் தெரியாதாம். நல்ல புள்ளைம்மா, சிரிச்சுட்டேதான் சொன்னா. எனக்குத்தான் ஒரு மாதர ஆயிருச்சு."

நாச்சம்மாள் தமிழ் எழுத்துக் கூட்டுவாள். ஆனால் வில்லேஜ் ஆபீஸில் வருகிறதெல்லாம் மலையாளக் காகிதம். இருபது வருஷமாக அவர்கள் விரல் காட்டிய இடத்தில் "நாச்சம்மாள்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறாள். உள்ளே என்ன இருந்தது என்று ஒரு நாளும் அவளுக்குத் தெரியாது. கேட்கவும் வெட்கம். என் மகள் அந்த வரிசையில் உட்கார வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியது என்று சொன்னால் போதாது, ஆங்காரமே வந்தது.

வீட்டின் பின்னால் நந்தியாவட்டைச் செடி வெள்ளை வெளேரென்று பூத்திருந்தது. பக்கத்திலேயே செவ்வரளி. வெள்ளையில் ஒன்று பறித்தாள். சிவப்பில் ஒன்று பறித்தாள். இரண்டையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு துவைக்கிற கல்லோரம் நின்றாள்.

பிறகு சிவப்பைக் கல்மேல் போட்டுவிட்டு இன்னொரு வெள்ளையைப் பறித்தாள்.

இரண்டு வாழையிலைத் துண்டு, இரண்டு வெள்ளைப்பூ. வாழைநாரால் பூக்கட்டுகிற முடிச்சாகப் போட்டு இறுக்கினாள். 'ஆத்தா, குத்தம்னா என்ற தலைமேல போட்டுக்க. புள்ளைய உட்டுரு' என்று வேண்டிக்கொண்டாள். அம்மனையே ஏமாற்றிவிட்டு அம்மனிடமே மன்னிப்புக் கேட்க நம் பெண்களால்தான் முடியும்.

உச்சிக்கு முன்னால் நாலு பேரும் வேலியோரப் பாதையில் கோயிலுக்கு நடந்தார்கள். பண்டாரத்தைக் கூட்டிவர அப்புசாமி அவர் வீட்டுப் பக்கம் போனார். கோயில் வாசல் தொட்டியருகே வந்ததும் கந்தப்பன் கையை நீட்டினார்.

"தட்டை இங்க கொண்டா. தாயும் மகளும் காலக் கழுவீட்டு வாங்க."

நாச்சம்மாள் தட்டைக் கொடுத்தாள். வசந்தாமணி தண்ணீர் மொண்டு ஊற்ற, கணுக்காலைத் தேய்த்துக் கழுவினாள். திரும்பியபோது கந்தப்பன் வேப்பமரத்துக்குப் பின்னால் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டு அவர் காலடியில் கல்மேல் இருந்தது. பூசைக்கு முன்பே மனுஷன் இத்தனை பக்தியாக நின்று அவள் பார்த்ததில்லை.

குருசாமிப் பண்டாரம் வந்தார். பொட்டலங்களை அம்மன் பாதத்தில் வைத்தார். கேள்வியை வசந்தாமணி சொன்னபடியே, ஓர் எழுத்துப் பிசகாமல் அப்புசாமி சொன்னார். மணி அடித்தது. கர்ப்பூரம் எரிந்தது.

நாச்சம்மாள் அமைதியாக நின்றாள். எதை எடுத்தாலும் வெள்ளைதானே. வசந்தாமணி கண்ணை இறுக மூடியிருந்தாள். அப்புசாமி உதடு எதையோ முணுமுணுத்தது. கந்தப்பனுக்கோ வேர்த்துக் கொட்டியது. காதோரம் வழிந்த வேர்வையை அவர் துடைக்கவும் இல்லை. பண்டாரத்தின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம் மனுஷன், மகளுக்காக இப்படித் தவிக்கிறாரே என்று நாச்சம்மாளுக்கு இரக்கமாகக்கூட இருந்தது.

பண்டாரத்தின் கை இடப்பக்கப் பொட்டலத்துக்குப் போயிற்று. விரல் அதைத் தொட்டது. என்ன நினைத்தாரோ, கையை இழுத்துக்கொண்டு மறுபடி ஒரு கும்பிடு போட்டார். வலப்பக்கப் பொட்டலத்தை எடுத்தார். நாரை அறுத்தார்.

வெள்ளை.

வசந்தாமணி "அம்மா!" என்று கத்தியது வயல்வரை கேட்டிருக்கும். கந்தப்பன் தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அப்புசாமி பூவை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். முகம் கொஞ்சம் வாடித்தான் போயிற்று. ஆனால் குரல் வாடவில்லை. "ஆத்தா சொல்லீட்டா. இனி எனக்கு ஒரு சொல்லும் இல்ல. இந்தா கண்ணு, தலையில வெச்சுக்க. நல்லாப் படி."

இதோடு முடிந்திருந்தால் நாச்சம்மாள் நிம்மதியாகச் சோறு தின்றிருப்பாள். அப்புசாமி குனிந்து அம்மன் பாதத்திலிருந்த இரண்டாவது பொட்டலத்தையும் எடுத்தார்.

"இது உன்ற அண்ணி மருதாத்தாளுக்கு. கால் வலின்னு மூணு மாசமாக் கோயிலுக்கே வரல அவ. ஆத்தா பூவுன்னாச் சந்தோசப்படுவா."

பிரிக்காமலே சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

நாச்சம்மாள் குறுக்கே வந்தாள். "அண்ணா, அது செவப்புப்பூவாச்சே. ஊட்டுக்கெல்லாம் கொண்டுபோகப்படாதுங்களே."

"ஆரு சொன்னா? ஆத்தா பாதத்துல இருந்த பூவுல வெள்ளையென்ன, செவப்பென்ன?"

"இல்லீங்ண்ணா, நான் வேற பூ நெறையப் பறிச்சுத் தர்றேன்..."

"ஏம்புள்ள, உனக்கென்ன ஆச்சு? ஒரு பொட்டணத்துக்கு இந்தப் பாடு படற?"

அதற்குமேல் பேசினால் சந்தேகம் வரும். சட்டைப் பைக்கு வெளியே நார் நீட்டிக்கொண்டிருந்தது. கன்றுக்குட்டிக்குக் கயிறு போடுகிற மாதிரி இரட்டையாகச் சுற்றிய முடிச்சு. தான் போட்டது அந்த முடிச்சுத்தானா என்று யோசிக்கிற நிதானம்கூட அப்போது அவளுக்கு இல்லை. அண்ணி மருதாத்தாள் பொட்டலத்தைப் பிரிக்கிறாள், வெள்ளைப்பூ சிரிக்கிறது, அண்ணன் முகம் கறுக்கிறது என்று மனக்கண்ணில் ஓடிக்கொண்டே இருந்தது.

மதியம் விருந்து நடந்தது. அண்ணன் இலையில் மூன்று தரம் குழம்பு ஊற்றினாள். சட்டையைக் கழற்றிவிட்டு ஒரு தூக்கம் போடுங்கள் என்று இரண்டு தரம் கெஞ்சிப் பார்த்தாள். அவர் சட்டையைக் கழற்றவே இல்லை.

நாலு மணி வேலந்தாவளம் பஸ் வந்து நின்றது. படியில் ஏறிய பிறகுதான் அப்புசாமிக்கு ஒன்று நினைவு வந்தது.

"மாப்ள, ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். எப்படியும் சரீம்பீங்கன்னு நெனச்சு, திங்கக்கெழமை காலைல பத்து மணிக்கு அம்மணியைக் கூட்டிட்டு வர்றேன்னு மேனேஜர்கிட்ட வாக்குக் குடுத்துப்போட்டேன். இப்பப் போயி இல்லைன்னு சொன்னா எனக்கு மொகம் இருக்காது. ஒரு எட்டு வந்து, 'வேற படிப்புக்குப் போறேனுங்க'ன்னு அவளே மரியாதையாச் சொல்லீட்டுப் போகட்டும். நான் பஸ் ஸ்டாண்டுலயே நிக்கறேன்!"

விசில் அடித்தது. பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. பையில் பொட்டலமும் போயிற்று.

வசந்தாமணி மெதுவாகச் சொன்னாள். "அம்மா, திங்கக்கெழமை பத்து மணிக்குத்தான் காலேஜ்ல இன்டர்வியூ. அச்சடிச்ச காயிதத்துலயே போட்டிருக்குது. அம்மாவோ அப்பாவோ கூட வரோணுமாம்."

பொழுது சாய்ந்தது. வசந்தாமணி பாலை ஊற்றச் சொசைட்டிக்குப் போயிருந்தாள். கந்தப்பன் மோட்டார் ரூம் படியில் உட்கார்ந்து, விண்ணப்பத்தைத் தொடைமேல் பலகை வைத்து விரித்தார். அவர் தலைக்குமேல் கதவில் மகள் எழுதிய அட்டை தொங்கியது. பேனா மூடியைத் திருகினார்.

நாச்சம்மாள் வாசற்படியிலிருந்து பார்த்தாள். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டால் மகள் கல்லூரிக்குப் போய்விடுவாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஆனால் தெரியாமல் கையெழுத்துப் போடுகிற வேலையை அவள் இருபது வருஷம் செய்தவள். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத காகிதத்தில் தன் புருஷனைப் போடவைக்க அவளால் முடியவில்லை. சொன்னால் மகளின் படிப்பே போகலாம் என்றும் தெரிந்தது. தெரிந்தும் கால் நடந்தது.

"ஏனுங்க, போடாதீங்க."

கந்தப்பன் நிமிர்ந்தார்.

"நான் ஒரு பாவம் பண்ணிப்போட்டனுங்க. பொட்டணம் ரெண்டுலயும் வெள்ளைதான் வெச்சேன்." சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. "புள்ளை ஆசைப்பட்டாளேன்னு... ஆத்தா எதுவும் சொல்லல. எல்லாம் நான்தான். அந்தப் பொட்டணம் வேற அண்ணன் சட்டைச் சோப்புல போயிருச்சு. நாளைக்கு அண்ணி பிரிச்சுப் பாத்தா மானம் போயிரும்."

கந்தப்பன் கத்தவில்லை. பேனாவை மூடிக் காதோரம் செருகிக்கொண்டார்.

"பிரிச்சுப் பாக்கட்டும். அதுல செவப்புத்தான் இருக்குது."

நாச்சம்மாளின் அழுகை பாதியில் நின்றது. "என்னங்க சொல்றீங்க?"

"காலைல குளிக்கப் போனேன். தொவைக்கற கல்லுமேல செவ்வரளி ஒண்ணு கெடந்துது. அப்பப் பறிச்சாப்பல பச்சைக் காம்பு. பூக்கேக்கற அன்னைக்குச் செவப்புப்பூவப் பறிச்சுக் கல்லுமேல போட்டுட்டுப் போனா, அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? இருவத்திரண்டு வருசமா உன்ற கூடக் குடும்பம் பண்றேன்."

"அப்ப..."

"எடுத்து மடியில வெச்சுக்கிட்டேன். நீங்க காலக் கழுவறப்ப ஒரு பொட்டணத்தப் பிரிச்சு மாத்தீட்டேன். ஆத்தாகிட்டக் கேக்கறதுன்னா நெசமாக் கேக்கோணும் நாச்சா. இல்லீனாக் கேக்காமயே செஞ்சு போடோணும்."

அந்தக் கன்றுக்குட்டி முடிச்சு இப்போதுதான் அவளுக்கு நினைவில் இறங்கியது. கூடவே அவர் வேர்வையும், தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததும். எதை எடுத்தாலும் வெள்ளை என்று நிம்மதியாக நின்றிருந்தாளே, அந்த நேரமெல்லாம் மகளின் படிப்பு நிஜமாகவே ஊசலாடிக்கொண்டிருந்திருக்கிறது.

"பண்டாரம் மொதல்ல எதைத் தொட்டாரு?" என்று கேட்டாள்.

"செவப்பத்தான் தொட்டாரு" என்றார் கந்தப்பன். "என்ற உசுரு என்றகிட்ட இல்ல."

நாச்சம்மாள் அவர் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆத்தா நிஜமாகவே சொல்லியிருக்கிறாள். நாச்சம்மாளின் பொய்யை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அதே பதிலைத் தன் வாயால் சொல்லியிருக்கிறாள். அழுகை மறுபடி வந்தது. இந்தத் தரம் அது வேறு அழுகை. முந்தானையால் துடைக்கத் துடைக்கச் சிரிப்பும் கலந்து வந்தது.

"ஏனுங்க, செவப்பு வந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

கந்தப்பன் மடியிலிருந்து வெற்றிலையை எடுத்தார். நரம்பைக் கிள்ளினார். சுண்ணாம்பு தடவினார். மடித்து வாயில் போட்டு நிதானமாக மென்றார்.

"மாரியாத்தா கோயிலுக்குப் போயிருப்பேன்" என்றார். "நம்மூர்ல ஆத்தாளுக்கா பஞ்சம்?"

பிறகு பேனாவை எடுத்து, கோட்டுக்குமேல் தமிழில் 'கந்தப்பன்' என்று ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். ஈரம் காய ஊதிவிட்டு விண்ணப்பத்தை மனைவியிடம் நீட்டினார்.

"நாளைக்கு நம்ம முறை. வெள்ளிக்கெழமை காலைலயே கொண்டுபோயிக் குடுத்துட்டு வந்தர்றேன். ஆனாத் திங்கக்கெழமை மறுபடியும் நம்ம தண்ணி முறை. கெணத்த உட்டுட்டு நான் நகர முடியாது. புள்ளைகூட நீதான் போகோணும்."

"நானா?" நாச்சம்மாள் காகிதத்தை அவரிடமே திருப்பி நீட்டினாள். "காலேஜுக்கா? அங்க என்னையும் கேள்வி கேப்பாங்களாமே. அண்ணன் வேற பஸ் ஸ்டாண்டுலயே நிப்பாரு, மில்லுக்கு வான்னு."

"நிப்பாருதான். அவருக்கும் நீதான் பதில் சொல்லோணும். காலேஜ்காரங்களுக்கும் நீதான்."

"நான் என்னத்தைங்க சொல்லுவேன்?"

கந்தப்பன் எழுந்து மோட்டார் ரூம் கதவைச் சாத்தினார்.

"கேட்டதுக்கு நெசத்தச் சொல்லு. பொட்டணம் மட்டும் கட்டீராத."